நான்காவது பத்தி

கடலுக்கு அடியில் இறங்கி மீன் பார்க்க வேண்டும் என்று என் மனைவிக்கு ஆசை வந்தபோது அவளுக்கு வயது நாற்பத்தேழு. நீந்தத் தெரியாது. கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தது கிடையாது. நான் மறுநாளே அதற்கென்று ஒரு கோப்பு திறந்தேன்.

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அந்த அறை தரைத்தளத்துக்கும் கீழே இருக்கிறது, ஜன்னல் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், “மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ம்... விடுங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். சில நாள் தூக்கத்திலும் சொல்லுவாள். பக்கத்தில் படுத்திருக்கும் நானும் என்னை அறியாமல் பிடித்துக்கொள்வேன்.

ஒரு நாள் யாரோ ஒருவர் நெஞ்சுப் படம் எடுக்க வந்திருக்கிறார். நோய் ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு தீவு நாட்டுக்குப் போய் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கப் போகிறாராம். அதற்குப் படம் வேண்டுமாம். வரிசையில் அடுத்த ஆள் காத்திருக்க, இவள் அவரை நிறுத்திவைத்துக் கதை கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அங்க முதல் பாடமே என்னன்னு தெரியுமா? மூச்சைப் பிடிக்கவே கூடாதாம். பிடிச்சுக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிடுமாம். அது பாட்டுக்கு இழுத்து விட்டுக்கிட்டே இருக்கணுமாம்.”

“சரி, அதுக்கு?”

“அதுக்கு என்ன அதுக்கு? ஊர்ல இருக்கறவங்க மூச்சையெல்லாம் பிடிச்சு வெச்சவ நான். ஒரு தடவை அப்படி ஒரு இடத்துக்குப் போய் பாத்துட்டு வரணும்.”

அவள் எதையும் கேட்கிறவள் இல்லை. கேட்டதால்தான் கோப்பு திறந்தேன்.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவில் பதில் கடிதம் எழுதுகிறேன். நான் படித்தது ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம். அங்கே பரீட்சையில் கடிதத்துக்குப் பத்து மதிப்பெண். தேதி இல்லையென்றால் ஒன்று போகும், பொருள் என்ற வரி இல்லையென்றால் இரண்டு. எனக்கு ஒன்றும் போனதே இல்லை. அந்தப் பத்து மதிப்பெண்தான் இன்றுவரை சோறு போடுகிறது. லிஃப்ட் நடுவழியில் நின்று மாட்டிக்கொண்டவர்கள் கொதித்துப்போய் எழுதுவார்கள். நான் பத்திகளுக்கு எண் போட்டு, “தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று பதில் எழுதுவேன். அந்த வாக்கியத்தில் தேடிப் பார்த்தாலும் தவறு செய்தவன் அகப்பட மாட்டான்.

அலுவலகம் ஆறாவது மாடியில். நான் படியேறித்தான் போவேன். “நம்ம சரக்கு மேல நமக்கே நம்பிக்கை இல்லையா சார்?” என்று காவலாளி தினமும் கேட்பார். “உடம்புக்கு நல்லதுப்பா” என்று நானும் தினமும் சொல்வேன்.

கோப்பில் ஐந்து பகுப்புகள் வைத்தேன். பருவம், பயணம், தங்குமிடம், முக்குளிப்புப் பள்ளி, உடல்நலம். எந்த மாதத்தில் அந்தத் தீவுகளைச் சுற்றிக் கடல் கலங்காமல் இருக்கும், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், இரண்டு விமானத்துக்கு நடுவில் எத்தனை மணி நேரம், விமானம் இறங்கியபின் படகு எத்தனை மணிக்கு என்றெல்லாம் எழுதிவைத்தேன். கடலில் இறங்கியபின் ஒரு முழு நாளாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும் என்பது தெரிந்ததும், கடைசி நாளுக்கு நேராக ‘சும்மா இருத்தல்’ என்று எழுதினேன்.

“அடேங்கப்பா! சும்மா இருக்கறதுக்கும் நேரம் போட்ட ஒரே ஆளு நீதான்” என்று சிரித்தாள்.

முக்குளிப்புப் பள்ளியில் எனக்குப் பதில் எழுதியவள் ஒரு பெண். நான் ஒரு பக்கம் எழுதினால் அவள் ஒரு வரி எழுதுவாள். மொத்தம் பதினேழு கடிதங்கள். என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, “நீ விசாரிக்கறதைப் பாத்தா அந்தப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கற மாதிரி இருக்கு” என்பாள்.

மனைவியின் தங்கை இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். வாரத்துக்கு ஒருமுறையாவது வருவாள். வந்தால் எங்கள் குளியலறையைத் திட்டாமல் போக மாட்டாள்.

“அக்கா, இந்தத் தாழ்ப்பாளைச் சரி பண்ணவே மாட்டீங்களா? மாமா வேலை பாக்கறது ரிப்பேர் பண்ற கம்பெனி. வீட்ல ஒரு தாழ்ப்பாளுக்கு ஆள் கிடைக்கல.”

“ரிப்பேருக்குச் சொல்லியிருக்கு, வருவான். நீ பாட்டுப் பாடிட்டுப் போ.”

உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டும் என்று சின்னவள் போகும்போதெல்லாம் உரக்கப் பாடுவாள். அவளுக்குச் சுருதி சேராது. நானும் மனைவியும் வெளியே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொள்வோம்.

நீச்சல் கற்றுக்கொள்ள என் மனைவிக்கு ஒன்பது மாதம் பிடித்தது. காலை ஆறு மணிக்குக் குளத்துக்குப் போவோம். பயிற்சியாளர், எங்களுக்கு மகள் இருந்திருந்தால் அவள் வயதிருக்கக்கூடிய ஒரு பெண். கழுத்தில் விசில், கையில் நீளமான அலுமினியக் கம்பு. முதல் மாதம் முழுவதும் என் மனைவி சுவரோரக் குழாயை விடவில்லை.

“விடுங்க ஆன்ட்டி, குழாய் எங்கயும் ஓடிப் போகாது.”

“குழாய் போகாதும்மா. நான் போயிடுவேன்.”

எனக்குப் பள்ளி நாளிலேயே நீந்தத் தெரியும், தலையை மேலே வைத்துக்கொண்டு. பயிற்சியாளர் என்னைப் பார்த்துவிட்டு, “சார், நீங்க நீந்தல. தலையை ஊர்வலம் கொண்டு போறீங்க. உள்ள விடுங்க” என்றாள். நான் காதில் தண்ணீர் போகும் என்றேன். மனைவி என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏழாவது மாதம் அவள் குளத்தின் ஆழமான முனையில் அடிவரை போய், தரையில் கையை வைத்துவிட்டு வந்தாள். மேலே வந்ததும் நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைத் தேடினாள். நான் படியில் உட்கார்ந்து கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தேன். “பாத்தியா? பாத்தியா?” என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். பார்த்திருக்கவில்லை.

பிறகு முக்குளிப்புப் பள்ளியிலிருந்து உடல்நலப் படிவம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். ஆளுக்கொரு படிவம், பன்னிரண்டு கேள்விகள், ஆம் அல்லது இல்லை. ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவர் கையெழுத்து வேண்டும் என்று அடியில் போட்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிப்பதுபோல எல்லாவற்றுக்கும் இல்லை என்று இறங்கிக்கொண்டே போனாள்.

“மூணாவதைப் படிச்சியா?”

“படிச்சேன்.”

“எப்போதாவது இழுப்பு, ஆஸ்துமா இருந்ததான்னு கேட்டிருக்காங்க.”

“பதினாலு வயசோட நின்னு போச்சு. நின்னு போனதுக்கு எதுக்கு ஆமாங்கணும்?”

“எப்போதாவதுன்னு போட்டிருக்கே.”

“எப்போதாவது நான் தொட்டில்லயும்தான் படுத்திருந்தேன். அதையும் எழுதட்டுமா?”

கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினாள். “இந்தா. ஒரு எழுத்தும் மாத்தாம அனுப்பு.”

“மாத்த மாட்டேன்” என்றேன்.

என் படிவத்தில் ஏழாவது கேள்வி, மூடிய இடங்களில் அச்சம் உண்டா என்பது. பேனா ஒரு நொடி நின்றது. இல்லை என்று குறியிட்டுவிட்டு எட்டாவதுக்குப் போனேன்.

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து இரண்டு படிவங்களையும் அனுப்பினேன். அவள் படிவத்தில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. ஆனால் மேலே ஒரு கடிதம் வைக்காமல் நான் எதையும் அனுப்பியதில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம். முதல் பத்தியில் இணைப்புகளின் பட்டியல். இரண்டாவதில் வந்துசேரும் நாள். மூன்றாவதில் காலணி அளவுகள். நான்காவது பத்தி இப்படி இருந்தது: “என் மனைவியின் படிவம், கேள்வி மூன்று தொடர்பாக. அவருக்குப் பதினான்கு வயதுவரை இழுப்பு இருந்தது. கடந்த முப்பத்து நான்கு ஆண்டுகளாக இல்லை. இது தங்கள் தகவலுக்காக.” ஐந்தாவதில் நன்றி.

எழுதும்போது கை தயங்கவில்லை. சுத்தமான பத்தி என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. வழக்கம்போல ஒரு வரிதான். மனைவிக்கு மூச்சுப் பரிசோதனை செய்து, நுரையீரல் மருத்துவரின் கையெழுத்தோடு அனுப்பவும்.

நான் சொன்னபோது அவள் கொடியில் நீச்சல் துண்டை உலர்த்திக்கொண்டிருந்தாள். வாயில் ஒரு கிளிப்பு.

“டாக்டர் கையெழுத்தா? எல்லாத்துக்கும் இல்லைன்னுதானே போட்டேன்?”

சொன்னேன். கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

“நீயா எழுதினே?”

“படிவத்தை மாத்தல. கூட ஒரு கடிதம்தான் வெச்சேன்...”

“யார் கேட்டா?”

“யாரும் கேக்கல. ஆனா ஒண்ணை மறைச்சு அனுப்பறது...”

“மனசுக்கு ஒப்பலைன்னா அன்னிக்கே மேசையில உக்காந்து எங்கிட்ட சொல்லியிருக்கணும். சண்டை போட்டிருப்பேன். போட்டுட்டு ஒருவேளை நானே ஆமான்னு எழுதியிருப்பேன். நீ எங்கிட்ட சொல்லல. மூஞ்சி தெரியாத ஒருத்திகிட்ட போய்ச் சொல்லியிருக்கே.”

“உனக்கு வருத்தம் ஏற்பட்டிருந்தா...”

“ஆபீஸ் கடிதம் மாதிரி மன்னிப்புக் கேக்காத. ஏற்பட்டிருந்தாலாம்!” துண்டின் இன்னொரு நுனிக்குக் கிளிப்பு மாட்டினாள். “சரி, ஊதிட்டு வர்றேன். ஊதினா ஆச்சு.”

பரிசோதனை அவளுடைய மருத்துவமனையிலேயே நடந்தது. எக்ஸ்ரே அறையிலிருந்து நான்கு கதவு தள்ளி. மூக்கில் கவ்வி மாட்டி, வாயில் குழாய் கொடுத்து, அவளோடு தினமும் டீ குடிக்கிற பெண்ணே எதிரில் உட்கார்ந்து, “இழுங்கக்கா, இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்” என்று கத்தினாள். பிறகு அவளை எட்டு நிமிடம் ஓடும் இயந்திரத்தில் ஓடவிட்டு மறுபடி ஊதச் சொன்னார்கள். இரண்டாவது முறை திரையில் கோடு ஏறி, முன்பு போன உயரத்துக்குப் போகாமல் சரிந்தது. அந்தப் பெண் கத்துவதை நிறுத்திவிட்டாள். என் மனைவிக்குப் படம் பார்க்கத் தெரியும். குழாயை வாயிலிருந்து எடுத்துத் தானே துடைத்து வைத்தாள்.

மேல்மாடியில் இருந்த நுரையீரல் மருத்துவர் நல்ல மனிதர். “மேடம், தினசரி வாழ்க்கைக்கு இது ஒண்ணுமே இல்ல. மாடி ஏறுங்க, குளத்துல நீந்துங்க. ஆனா ஓடினா சுருங்குது பாருங்க. அடியில இருக்கும்போது சுருங்கினா, உள்ள மாட்டின காத்து மேல வர்றப்போ விரியும். நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் தங்கையா இருந்தாலும் போட மாட்டேன்.”

அறையை விட்டு வெளியே வந்தோம். என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல இருந்தது. அவள் பிழைத்தாள் என்ற நிம்மதி என்றுதான் அப்போது நினைத்தேன். “நல்லவேளை” என்றேன்.

அவள் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு கீழே இறங்கிப் போய்விட்டாள். அவளுக்கு அன்று மதியம்வரை வேலை இருந்தது.

அன்று மாலை நான் வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேசையில் கோப்பு விரிந்திருந்தது. அனுப்பும் எதற்கும் ஒரு நகல் எடுத்துக் கோப்பில் வைக்கிறவன் நான். அவள் ஐந்தாவது பகுப்பைத் திறந்து என் படிவத்தின் நகலை எடுத்து வைத்திருந்தாள். ஏழாவது கேள்வியின் மேல் விரல்.

“இது என்ன?”

நான் பையை இறக்கவில்லை.

“என் பொய்யைப் பிடிச்சு எழுதிட்டே. சரி. எழுதினதால உயிர் தப்பிச்சேன்னே வெச்சுக்கறேன். டாக்டரே சொல்லிட்டாரு, நீ சொன்னது நியாயம்தான். இந்தப் பொய்யை யாரு எழுதறது?”

“அது வந்து... பழைய கதை...”

“எனக்கு முப்பத்து நாலு வருஷப் பழசு. உனக்குப் பத்தொம்பது வருஷப் பழசு. எது பழசு?”

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு எங்கள் கம்பெனி பராமரித்த ஒரு லிஃப்டிலேயே நான் ஐம்பது நிமிடம் மாட்டிக்கொண்டேன். விளக்கும் அணைந்துவிட்டது. கதவைத் திறந்தபோது நான் தரையில் சுருண்டு கிடந்தேன்; சட்டைப் பொத்தான்களை நானே பிய்த்துப் போட்டிருந்தேன். அதன்பிறகு லிஃப்டில் ஏறியதில்லை. எந்த அறையிலும் தாழ்ப்பாள் போட்டதில்லை. போட்டிருக்கிறது என்று தெரிந்தாலே வியர்க்கும். வீட்டில் வேறு யார் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டாலும், அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

“வீட்டுக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் தாழ்ப்பாள் ரிப்பேர், தாழ்ப்பாள் ரிப்பேர்னு சொல்லிக்கிட்டிருக்கேன். என் தங்கச்சிகிட்ட சொன்னேன். உன் மேனேஜர் வந்தாரு, அவர்கிட்ட சொன்னேன். அவரு உள்ள போயிட்டு இருமிக்கிட்டே இருந்தாரு, பாவம். பத்தொம்பது வருஷம். ஒருத்தர்கிட்டயாவது நான் ஒரு கடிதம் வெச்சேனா?”

“இல்ல.”

“பின்ன?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. இத்தனை நாள் கோப்பில் எந்தப் பகுப்பிலும் சேராமல் இருந்தது. முகத்தை மூடும் கண்ணாடி, வாயில் குழாய், தலைக்கு மேலே வீட்டு உயரத்துக்குத் தண்ணீர், நினைத்தபோது கதவைத் திறந்துகொண்டு வர முடியாது. ஒன்பது மாதமும் படியில் உட்கார்ந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வர மாட்டேன் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு முன்னால் யாராவது அவளை நிறுத்திவிட்டால் நான் சொல்லவேண்டி இருக்காது. நான்காவது பத்தியை எழுதியபோது கை ஏன் தயங்கவில்லை என்பது மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது.

“பயமா இருந்துச்சு” என்றேன்.

“எனக்கு ஏதாவது ஆயிடும்னா?”

“அதுவும்.”

அந்த ‘உம்’மை அவள் கேட்டுக்கொண்டாள். நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டாள்.

“உக்காரு. எழுது. நான் சொல்றேன்.”

எழுதினேன். அவள் சொன்னது இரண்டே வாக்கியம். “என் கணவருக்கு மூடிய இடங்களில் அச்சம் உண்டு. பத்தொன்பது ஆண்டுகளாக லிஃப்டில் ஏறுவதில்லை.” பொருள் என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். “கேள்வி ஏழு தொடர்பாகன்னு போடு. உனக்குத் தெரியாததா?” தேதி போட்டேன். எண் போட்டேன். அவளே பொத்தானை அழுத்தி அனுப்பினாள். பிறகு, “நகல் எடுத்து வெச்சுக்கோ” என்றாள்.

பதில் மறுநாளே வந்தது. இந்தத் தடவை இரண்டு வரி. இருவருக்கும் முக்குளிக்க அனுமதி இல்லை என்பதற்கு வருந்துகிறோம். விரும்பினால், அடிப்பாகம் கண்ணாடியாலான படகில் இரண்டு இருக்கைகள் ஒதுக்கித் தருகிறோம். மேலிருந்தபடியே மீன்களைப் பார்க்கலாம்.

அவளிடம் படித்துக் காட்டினேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தது போதும்” என்றாள்.

அதோடு சரி. திட்டவில்லை, அழவில்லை. மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருந்த விடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். காலையில் ஆறு மணிக்கு எனக்கு விழிப்புத் தட்டும். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். குளத்தில் மட்டுமாவது நீந்தலாமே, மருத்துவரே சொன்னாரே என்று ஒருமுறை சொன்னேன். “எதுக்கு?” என்றாள். கோபமில்லாமல், உண்மையாகவே கேட்டாள்.

ஒரு மாதம் கழித்துச் சின்னவள் வந்தாள். அக்காவின் நீச்சல் பை சும்மா கிடக்கிறதே, தான் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தாள் போலிருக்கிறது. மனைவி பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். நீச்சல் உடை, தொப்பி, நீச்சல் கண்ணாடி, அந்தத் துண்டு. எல்லாம் துவைத்து மடித்து வைத்திருந்தது. நான் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“அளவு சரியா இருக்கான்னு போட்டுப் பாத்துடறேன்க்கா” என்று சின்னவள் உடையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். கதவடியில் நின்று தொண்டையைச் செருமினாள். “மாமா, இன்னிக்கு எந்தப் பாட்டு? நேயர் விருப்பம் எதாவது இருக்கா? தாழ்ப்பாள் ஆளு இந்த ஜென்மத்துல வர மாட்டான்.”

“தாழ்ப்பாள் நல்லாத்தான் இருக்கு” என்றாள் என் மனைவி. “போட்டுக்கோ.”

“எப்ப சரி பண்ணீங்க?”

“கெட்டாத்தானே சரி பண்றதுக்கு?”

சின்னவள் கதவைப் பிடித்தபடி அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “பின்ன எதுக்கு இத்தனை வருஷம் என்னைப் பாட வெச்சீங்க?”

“உங்க மாமாகிட்ட கேளு. பத்தி பத்தியா எழுதித் தருவாரு.”

“என்ன மாமா?” என்று சின்னவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் பத்திரிகையை மடித்தேன். காற்றோட்டம், மரக்கதவு, மழைக்காலத்தில் உப்பும் என்று ஏதோ ஆரம்பித்தேன். மனைவி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நான் சொல்லி முடிக்கக் காத்திருந்தாள். அவள் உதவிக்கு வரவில்லை. என் வாக்கியம் பாதியில் நின்றது.

சின்னவளின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவள் மேலே கேட்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கூடம்வரை கேட்டது. எழுந்து வெளியே போக வேண்டும்போல இருந்தது. மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாரும் பாடவில்லை.